சுபஹு நேரத்துத் துவக்கு

மன்னார்
12.03.2008

அன்பின் ராத்தாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உங்கள் மீதும் உம்மா மீதும் உண்டாகட்டும். இங்கு நாங்கள் சுகம். உம்மாவுக்கு மூச்சு முட்டு எப்படி இருக்கிறது? புத்தளத்துப் புழுதி அவவுக்கு ஒத்துக்கொள்ளாது. இரவில் சுடுதண்ணீர் கொடுங்கள்.

எழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். இது இடது கை எழுத்து.

நிஸ்மியா முதலாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய வாப்பா ஊர்காவல் படையில்தான் இருக்கிறார். கடற்கரைப் பக்கம் பயம் கூடிவிட்டதால் துவக்கையும் தோட்டாவையும் வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்களாம். எங்கள் வஸீர் காக்காவும் அதே படையில் சுகமாக இருக்கிறார். உம்மாவுக்கு இந்த மாதமும் பிந்தாமல் காசு அனுப்புவேன் என்று சொல்லச் சொன்னார்.

போன் எடுக்க வேண்டாம். அது அவருடைய சேட்டுப் பையில்தான் இருக்கும். கடிதம் எழுதினால் தபால் கந்தோர் மார்த்தா மிஸ்ஸின் பெயரைப் போடுங்கள். அவ என் கையில் தருவா.

வஸ்ஸலாம்.
தங்கச்சி சரீபா


புத்தளம்
29.03.2008

சரீபா,

உனக்கும் பிள்ளைக்கும் சலாம். உம்மாவுக்கு முட்டு இருக்கிறது. முட்டோடு சேர்த்து வாயும் இருக்கிறது. ஆகவே பயப்படத் தேவையில்லை.

கிணற்றடியில் வழுக்கினாயாம். பொய் சொல்லவும் கொஞ்சம் பழக்கம் வேண்டுமடி. சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டு வாயைத் துடைக்காமல் வந்து நின்றவள் நீ. போன் அவருடைய பையில், துவக்கு வீட்டுக்குள், கை பிளாஸ்டரில், கடிதம் மார்த்தா மிஸ்ஸின் பெயரில். இத்தனையையும் ஒரே தாளில் எழுதிவிட்டு நான் கேட்காமல் இருப்பேன் என்றா நினைத்தாய்?

உன் மாப்பிள்ளை அடித்தாரா இல்லையா? ஒரு வரியில் எழுது. இடது கைக்கும் அது பாரமில்லை.

உம்மாவுக்கு நான் எதையும் வாசித்துக் காட்டவில்லை. உன் கடிதம் வந்த அன்று இரண்டு தரம் தேத்தண்ணீருக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன். அவ்வளவு கோபம்.

ராத்தா ஸுஹறா


மன்னார்
24.04.2008

அன்பின் ராத்தாவுக்கு சலாம். உம்மாவின் முட்டுக்கு துஆக் கேட்கிறேன். பிளாஸ்டர் வெட்டிவிட்டார்கள். பேனை பிடிக்க முடிகிறது.

ஓம். அடித்தார். சோறு பிந்தியதற்குத் துவக்குப் பிடியால் அடித்தார்.

முன்பும் கை நீட்டுவார். பிறகு தானே அழுவார். அதை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டேன், எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று. ஆனால் துவக்கு வீட்டுக்கு வந்த பிறகு அழுவதில்லை. எதிலாவது மனம் கோணினால் பாயில் இருந்துகொண்டு அதைத் துடைக்கத் தொடங்குவார். குழாய் என்னைப் பார்த்தபடி இருக்கும். நிஸ்மியா அப்போது மூத்திரம் போகக்கூட எழும்புவதில்லை. ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சண்டை நடக்கிற ஊர். வெடி எங்கேயிருந்து வந்தது எண்டு ஆரும் தேட மாட்டினம்."

நான் யாரிடம் சொல்வது ராத்தா? வஸீர் காக்காவுக்குக் காலில் வெடி பட்டபோது அவரைத் தோளில் போட்டுக்கொண்டு உவர் நிலத்தால் ஓடிவந்தவர் இந்த மனிதர்தான். ஊரில் அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் எல்லோரும் அந்த ஓட்டத்தைத்தான் சொல்வார்கள். காக்காதான் முதலில் சொல்வார்.

இதை வாசித்துவிட்டு எரித்துவிடுங்கள்.

சரீபா


புத்தளம்
05.05.2008

என் தங்கமே,

சலாம். எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன்.

ஒருவனைக் காப்பாற்றியதற்கு அவன் தங்கச்சியை அடிக்கலாம் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? காட்டச் சொல்லு, பார்ப்போம்.

இங்கே பெண்கள் சங்கக் கூட்டத்தில் விசாரித்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வீட்டுக்குள் அடிக்கிறவரைக் கிட்ட வராதே என்று நீதவான் கட்டளை போடலாம். கையில் ஆயுதம் இருந்தால் அதையும் வாங்கி வைக்கச் சொல்லலாம். மன்னாரில் நவரத்தினம் என்று ஒரு சட்டத்தரணி ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் பேசுகிறாராம். போ. நாளைக்கே போ.

அடித்ததைப் பிறகு சொல்லலாம். துவக்கைப் பற்றி முதலில் சொல்லு. அவர் சொன்ன அந்தப் பேச்சை அப்படியே சொல்லு. அடிக்கு மருந்திருக்கிறது.

இன்னொன்று. வீடு உன்னுடையது. எங்கள் வழக்கப்படி உம்மா பெண்பிள்ளைக்கென்று உன் பெயரில் எழுதிய சீதன வீடு. வெளியே போகவேண்டியது நீ இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்கு ஓடி வராதே. தொண்ணூறில் புலிகள் விரட்ட எல்லோரும் ஊரை விட்டு ஓடியது போதும்.

நான் வரத்தான் விருப்பம். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

ஸுஹறா


மன்னார்
18.06.2008

அன்பின் ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் சலாம். பிந்தி எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். ஒன்றும் முடியாமல் உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. இப்போது முடிந்துவிட்டது.

நவரத்தினம் ஐயா நல்ல மனிதர். என் பேச்சுக்கு நடுவில் ஒருதரமும் குறுக்கே வரவில்லை. பிறகு நீதவான் முன் நின்றேன். நீங்கள் சொன்னதுபோலத் துவக்கில் இருந்து தொடங்கினேன். அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் அதிகம் கேட்கவில்லை. வீட்டுக்கும் எனக்கும் கிட்ட வரக்கூடாது, துவக்கை ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை. முதலில் இடைக்காலத்துக்குத் தந்தார். விசாரணை முடிந்து இப்போது ஒரு வருடத்துக்குத் தந்திருக்கிறார்.

பொலிஸார் வந்து துவக்கின் நம்பரை வாசித்து எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் தன் உடுப்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். படலையில் நின்று, "வீடு உன்ட. துவக்கு என்ட. அத மறந்திடாத" என்றார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் மூன்று பேர் வந்தார்கள். "புள்ள, ஊரைக் காக்கிற ஆளிட கையைக் கட்டிப் போட்டா ஊருக்கு என்ன காவல்?" என்று கேட்டார்கள். நானும் இந்த ஊர்தானே என்று கேட்டேன். அவர்கள் தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்கள்.

நிஸ்மியா இரவில் எழும்பித் தனியாக முற்றத்துக்குப் போகிறாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

சரீபா


புத்தளம்
01.07.2008

சரீபா,

சலாம், முத்தம் இரண்டும் உனக்கு. நானும் இந்த ஊர்தானே என்று கேட்டாயாமே! இந்த வாயை இவ்வளவு நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? உம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் அழுதா, பிறகு திட்டினா, பிறகு எழும்பிப் போய் வட்டிலப்பம் அவித்தா. நீ இல்லாமல் நாங்களே தின்றோம்.

ஸுஹறா


மன்னார்
11.08.2008

அன்பின் ராத்தாவுக்கு,

சலாம். உம்மா சுகமென்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

அவர் திரும்பவும் காவலுக்குப் போகிறார். ஆள் போதாது என்று முகாமில் சேர்த்துவிட்டார்கள். துவக்குத் தட்டுப்பாட்டால் இப்போது கடற்கரைக் காவலுக்கு இரண்டு பேருக்கு ஒரு துவக்குத்தான். துவக்கு ஜோடிக்காரனின் பெயரில். அவர் வெறுங்கையோடு கூட நிற்கிறார். அதனால் கட்டளைக்குக் குறையில்லையாம்.

ஆனால் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஜோடிக்காரன் பள்ளிக்குப் போகிறார். பள்ளிக்குள் துவக்கைக் கொண்டுபோக முடியாது. வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, தொழப் போகிறவர் தன் ஜோடியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். தொழுகை முடியும் வரைக்கும் அது இவருடைய கையில். அந்த நேரம் இவர் காவல் இடத்தில் நிற்பதில்லை. எங்கள் ஒழுங்கையில் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். உள்ளே வருவதில்லை. ஒன்றும் பேசுவதும் இல்லை. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்தபடி நிற்கிறார். மனிதர்கள் பள்ளியால் திரும்பும் சத்தம் கேட்டால் போய்விடுகிறார்.

பாங்குச் சத்தம் கேட்டால் நான் இப்போது முதலில் கதவின் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். பிள்ளையைச் சுவர் ஓரத்தில் இழுத்துப் படுக்க வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தொழுகிறேன்.

முகாமில் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "கட்டளையில எழுதியிருக்கிறது அவரிட துவக்கு. இது வேற ஆளிட துவக்கு, தங்கச்சி" என்றார்.

சரீபா


புத்தளம்
20.08.2008

சரீபா,

சலாம் சொல்லி நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஜோடிக்காரன் யார்? அதை எழுதாமல் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். கொலைகாரன் கையில் துவக்கைக் கொடுத்துவிட்டுப் பள்ளியில் போய் முதல் வரிசையில் நிற்கிற அந்தப் பக்திமான் யார்? நவரத்தினம் ஐயாவிடம் அவன் பெயரைச் சொல்லு. நீதவானிடம் சொல்லு. துவக்கைக் கொடுக்கிறவனுக்கும் கட்டளை போடச் சொல்லு. அவனுடைய வேலை போனால் போகட்டும். அவன் யாருடைய பிள்ளையாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் உயிரைவிடவா ஒருவனுடைய உத்தியோகம் பெரிது?

என் பாஸை மறுத்துவிட்டார்கள். திரும்பவும் கொடுத்திருக்கிறேன்.

ஸுஹறா


மன்னார்
15.09.2008

அன்பின் ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் நோன்பு காலத்துச் சலாம்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. பள்ளியில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். நிஸ்மியா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வருகிறாள். பாதிக் கஞ்சி பாவாடையில். அரை நோன்பு பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் நின்று பேரீச்சம்பழம் தின்கிறாள். மழை இன்னும் இல்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது.

அவர் வருவது குறையவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். உம்மாவுக்கு முட்டு மருந்து தவறாமல் கொடுங்கள்.

சரீபா


புத்தளம்
07.10.2008

சரீபா,

சலாம். பெருநாள் முடிந்து ஐந்தாறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

பெருநாளுக்கு வஸீர் வந்திருந்தான். உனக்குத் தெரியும். புரியாணிச் சகன் தட்டைச் சுற்றி எல்லோரும் இருந்தோம். காவலில் யாரோடு நிற்கிறாய் தம்பி என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். "வேற ஆரோட? மச்சானோடதான். நாலு வருசமா ஒரே ஜோடி" என்றான்.

நான் கையைக் கழுவினேன். அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "ராத்தா, பள்ளிக்குள்ள துவக்கோட போக ஏலுமா? ஜோடிட்டக் குடுக்கிறதுதான் முறை. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின மனுசன். அவரிட்ட குடுக்க மாட்டன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுற? அவர் சும்மா பிள்ளையப் பாக்கத்தான் போறார்" என்றான். உம்மா பின்னால் நின்று கேட்டுவிட்டா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. "எனக்கு இருக்கிறது ஒரு ஆம்பிளப் பிள்ள. அவனக் கோட்டுக் கூண்டில ஏத்திப்போடாதேங்கோ" என்று என் கையைப் பிடித்தா.

வஸீர் உம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறான். இனித் தொழப் போகும்போது துவக்கை முகாமில் கொடுத்துவிட்டுத்தான் போவானாம். அவன் சொன்னால் செய்வான். ஆகவே, சரீபா, கொஞ்சம் பொறு. அவன் பெயரை இப்போது எங்கும் சொல்ல வேண்டாம். நான் சொன்னது வேறு யாரோ என்று நினைத்து.

உன் ராத்தா


மன்னார்
03.11.2008

அன்பின் ராத்தாவுக்கு,

சலாம். உம்மாவுக்கு என்னுடைய சலாத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.

நான் ஏன் பெயரை எழுதவில்லை என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எழுதினால் நீங்கள் இதைத்தான் எழுதுவீர்கள் என்று பயந்தேன். எல்லோரும் பொறு என்று சொன்ன ஊரில் பொறுக்காதே என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவரையும் இழக்க எனக்கு விருப்பமில்லை.

நோன்புக்கு முன்பே நான் காக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன் ராத்தா. "மச்சான் உன்னச் சுடவா போறார்? விசர்க்கதை கதைக்காத" என்று சிரித்தார். நிஸ்மியாவுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். காக்கா கெட்டவரில்லை. அவர் என்னில் பாசம் வைத்திருக்கிறார். இருந்தும் தினமும் விடியற்காலையில் அந்தத் துவக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீங்கள் சொன்னதற்காகப் பொறுத்தேன். சத்தியத்தைக் காக்கா ஒரு கிழமை காப்பாற்றினார். முகாம் தூரம், ஜமாஅத் தொழுகைக்குப் பிந்துகிறது, மச்சான் முகம் கொடுக்கிறாரில்லை என்றார். பிறகு பழையபடி.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை நிஸ்மியா என்னை எழுப்பினாள். "உம்மா, வாப்பா ஏன் வேலிக்குள்ளால துவக்க நீட்டுறார்?" என்று கேட்டாள். பார்த்தேன். பனையோலையைப் பிரித்துக் குழாய் உள்ளே இருந்தது. வாசலுக்கு நேரே. நான் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் கிடந்தேன். அவர் சுடவில்லை. சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

ஆகஸ்டில் நீங்கள் எழுதியது என்னிடம் இருக்கிறது. "அவன் யாருடைய பிள்ளையாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை." அந்த வரியை வாசித்துத்தான் நான் இத்தனை நாளும் எழும்பி நடந்தேன். நீங்கள் அதைத் திருப்பி எடுத்தாலும் நான் திருப்பித் தர மாட்டேன்.

நவரத்தினம் ஐயாவிடம் பெயரைச் சொல்லிவிட்டேன். இந்த மாதம் பதினெட்டாம் திகதி வழக்கு. உம்மா என்னைச் சபித்தாலும் போவேன். நான் செத்த பிறகு காக்கா அழுவார். அது எனக்கு வேண்டாம்.

சரீபா


புத்தளம்
12.11.2008

சரீபா,

சலாம். உன் கடிதத்தை உம்மாவுக்கு முழுவதும் வாசித்தேன். நிஸ்மியா கேட்டதையும் வாசித்தேன். உம்மா தொழுகைப் பாயை விரித்தா. பின்னேரத்து அஸரிலிருந்து பொழுதுபட்ட மஃரிபு வரைக்கும் அதிலிருந்து எழும்பவில்லை. பிறகு, "போகச் சொல்லு" என்றா. அவ்வளவுதான்.

நான் எழுதியதை எழுதியபடி வைத்துக்கொள். நான் ஒரு கோழை என்று அக்டோபரில் தெரிந்துகொண்டேன். மற்றவன் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பதற்கு மட்டும் எனக்கு வீரம் இருந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, தங்கமே.

பாஸ் கிடைத்திருக்கிறது. பதினேழாம் திகதி பின்னேரம் வருகிறேன். சாட்சிக்கு என்னையும் கூப்பிடலாமா என்று ஐயாவிடம் கேட்டு வை. கிணற்றடியில் வஸீர் சொன்னதை நான் சொல்கிறேன்.

ஸுஹறா


மன்னார்
14.12.2008

அன்பின் ராத்தாவுக்கும் உம்மாவுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் சலாம். நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. மதவாச்சியில் உங்கள் பையைக் கொட்டிப் பார்த்த பொலிஸ் பெண்ணுக்கு நீங்கள் பாடம் எடுத்த கதையை நிஸ்மியா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

கோட்டில் நடந்ததை உம்மா கேட்டா என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பின் வரிசை வாங்கில் இருந்ததால் காக்காவின் முகம் உங்களுக்குத் தெரிந்திராது. நான் பார்த்தேன். துவக்கைக் கொடுத்தது யார் என்று நீதவான் கேட்டார். "என்ட கூடப்பிறந்த காக்கா, ஐயா. அந்தா நிக்கிறார்" என்று கையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவருக்கு முன்னால், அவரைத் தூக்கி ஓடிவந்த மனிதர் சட்டத்தரணியின் காதில் எதையோ சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு நீங்கள் கூண்டில் ஏறிச் சொன்னீர்கள்.

தீர்ப்பு நீங்கள் கேட்டதுதான். எவருடைய துவக்கும் நிஸ்மியாவின் வாப்பாவின் கைக்குப் போகக்கூடாது, கொடுக்கிறவரும் குற்றவாளி, அவருக்குக் காவல் வேலையே கூடாது. அதை முகாமில் ஒட்டியிருக்கிறார்கள். அவர் கட்டளையை மீறியதற்காக இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். காக்காவைப் படையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பேசாலையில் மீன் வாடி ஒன்றில் ஐஸ் உடைக்கிறார். உம்மாவுக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பெருநாள் அன்று காக்காவுக்கு நிஸ்மியாவிடம் இறைச்சிப் பங்கு கொடுத்து அனுப்பினேன். வாங்கவில்லை. "உன்ட உம்மா என்னை மனுசர் முன்னால வெட்டிப் போட்டா எண்டு சொல்லு" என்றாராம். பிள்ளை அப்படியே வந்து சொன்னாள். சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பள்ளியில் தொழுது முடித்துப் போகிறவர்கள் என் வேலிக்குக் கிட்ட வரும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். கடைக்காரர் மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தருகிறார். பழகிவிட்டது.

உம்மா காக்காவை நினைத்து அழுகிறா என்று எழுதியிருந்தீர்கள். அவவிடம் இதைச் சொல்லுங்கள். காக்கா என்னோடு பேசுவதில்லை. ஒழுங்கையில் என்னைக் கண்டால் காறித் துப்பிவிட்டு மற்றப் பக்கம் போகிறார். போகட்டும். அவர் கோபித்துக்கொள்வதற்கு நான் உயிரோடு இருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
சரீபா